இரண்டு ஊர்களுக்கு நடுவே படியே இல்லாத நடைவழி: எங்கே தேடுவது, எதை அளப்பது

கேள்வி இதுதான்: அடுத்தடுத்து இரண்டு ஊர்கள், நடுவில் ஆறேழு கிலோமீட்டர். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், முழங்கால் தேய்ந்த ஒருவர், தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. மூவரும் சேர்ந்து ஒரு படிகூட ஏறி இறங்காமல் அடுத்த ஊருக்கு நடந்தே போக முடியுமா? கைப்பேசி வரைபடம் ‘நடக்க வழி உண்டு’ என்று கோடு போட்டுக் காட்டுகிறது. அதை நம்பிக் கிளம்பலாமா?

அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். அந்தக் கோடு, படி ஏறத் தெரிந்த காலுக்காகப் போட்டது. ஏழு கிலோமீட்டரில் பத்து மீட்டர் தவிர மீதி எல்லாம் வழவழப்பான தார்ப்பாதையாக இருக்கலாம். அந்தப் பத்து மீட்டரில் மூன்று படி இருந்தால் சக்கர நாற்காலிக்கு அது வழியே கிடையாது. அதனால் இப்படிப்பட்ட வழியைச் சராசரி போட்டு மதிப்பிட முடியாது. அதில் மிக மோசமான இடம் எது, அது எவ்வளவு மோசம்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால்தான் வழி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். அந்த மோசமான இடத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே எப்படிப் பிடிப்பது, பிறகு நேரில் போய் எதை அளப்பது என்று பார்க்கலாம்.

வரைபடத்தை எடுத்ததும் பெரும்பாலோர் புறப்படும் இடத்திலிருந்து விரலை நகர்த்துவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே குறுக்கே ஓடுவது எது என்று பாருங்கள். ஒரு ஆறு, ஒரு ரயில் பாதை, ஒரு புறவழிச்சாலை: பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். ஊரும் ஊரும் பிரிந்திருப்பதே பல இடங்களில் அதனால்தான். அதைத் தாண்டும் இடங்கள் இரண்டோ மூன்றோதான் தேறும். அங்கே படியில்லாத கடவு ஒன்று கிடைத்தால் மற்றதெல்லாம் அதற்கேற்ப வளைந்துகொள்ளும். கிடைக்காவிட்டால் மீதி வழியைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கடவுகளில் நான்கு வகை அடிக்கடி வரும். தரைமட்டத்திலேயே ரயிலைக் கடக்கும் லெவல் கிராசிங் பார்க்கப் பழசாக இருந்தாலும் பல சமயம் அதுதான் நல்லது, ஏற்றமே கிடையாது. ஆனால் தண்டவாளத்தை ஒட்டி, ரயில் சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்காக ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். மாற்றுத்திறனாளிகளும் வந்துபோகும்படி வழி அமைப்பதற்கான அமெரிக்க அணுகல் விதிகள் அதை 64 மி.மீ.க்குள் இருக்கச் சொல்கின்றன, சரக்கு ரயில் ஓடும் பாதையில் 75 மி.மீ. வரை. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, கொஞ்சம் திரும்பினாலும் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடும். பாதை தண்டவாளத்தைச் செங்கோணத்தில் வெட்டினால் சிக்கல் குறைவு. சாய்வாக வெட்டினால் அந்த இடத்தில் மட்டும் நாற்காலியைத் திருப்பி நேராக்கிக் கடக்க வேண்டும், அதற்கு அகலம் வேண்டும். இருவழிப் பாதை என்றால் இரண்டு முறை இதே வேலை, அதுவும் அடுத்த ரயில் வருவதற்குள்.

நடைமேம்பாலத்துக்குச் சாய்தளம் இருக்கிறது என்று கேட்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலம் ஆறு மீட்டர் உயரம். 1:12 சரிவு, அதாவது 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம் என்றால், சாய்தளம் மட்டுமே 72 மீட்டர். அமெரிக்க விதிப்படி ஒவ்வொரு 76 செ.மீ. உயரத்துக்கும் ஒன்றரை மீட்டர் சமதளம் விட வேண்டும், அதையும் சேர்த்தால் 83 மீட்டரைத் தொடும். ஏற 83, இறங்க 83. கையால் சக்கரத்தை உருட்டுபவருக்கு இது ஒரு மாடிக் கட்டடத்தையே கைவலிமையால் ஏறுவது. இவ்வளவு நீளத்துக்கு இடமில்லாத இடங்களில் என்ன செய்வார்கள்? சரிவைச் செங்குத்தாக்கிவிட்டு ‘சாய்தளம் உண்டு’ என்று கணக்கு எழுதிவிடுவார்கள். ஆகவே சாய்தளம் உண்டா என்று கேட்காதீர்கள், எத்தனை மீட்டர் நீளம் என்று கேளுங்கள். ஆறு மீட்டர் உயரப் பாலத்துக்கு 30 மீட்டர் சாய்தளம் என்று பதில் வந்தால் அது 1:5. யாராலும் பாதுகாப்பாகத் தள்ள முடியாது.

சுரங்கப்பாதையில் பிரச்சினை தலைகீழ். உயரம் குறைவு, சாய்தளமும் குறுகியது, ஆனால் முதலில் இறங்கிப் பிறகு ஏற வேண்டும். மழைத் தண்ணீர் முழுவதும் நடுவில் வந்து நிற்கும். மூன்று செ.மீ. தண்ணீர் செருப்புக் காலுக்கு ஒன்றும் இல்லை. சக்கரத்தைக் கையால் உருட்டுபவருக்கோ அந்தச் சேறு முழுக்க உள்ளங்கைக்கு வந்துவிடும், ஈரக் கையில் பிடி வழுக்கும், எதிரே ஏற்றம் காத்திருக்கும். லிஃப்ட் வைத்த கடவு நான்காவது வகை. லிஃப்டை நான் அரை வழி என்றுதான் கணக்கில் வைப்பேன். அது பழுதானால் வேறு எப்படிக் கடப்பது என்பதற்கு விடை இல்லாத வரை அந்த வழியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். இரவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது திறந்திருந்தது திரும்பும்போது பூட்டியிருப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

குறுக்கே ஓடுவதைத் தாண்டியாயிற்று. அடுத்தது நீளவாக்கில் ஓடுவது: ஒரு கால்வாய்க் கரை, ஆற்றங்கரை, கைவிடப்பட்ட ரயில் தடம். இவை கிடைத்தால் அதிர்ஷ்டம். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்புக் குறைவு. அதனால் ரயில் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, ஏற்றத்தைப் பெரும்பாலும் 1:50-க்கும் குறைவாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்கு இதைவிடச் சமமான பாதையை இன்றைக்குப் புதிதாக வெட்டிப் போட எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டலையும் பாத்தையும் இணைக்கும் பழைய ரயில் தடம் இப்படித்தான் 1979-க்கும் 1986-க்கும் நடுவே சுமார் 21 கி.மீ. நீளத் தார்ப்பாதையாக மாறியது.

அதே நாட்டின் ஏரி மாவட்டத்தில் கெசிக் என்ற ஊரையும் த்ரெல்கெல்ட் என்ற ஊரையும் இணைக்கும் தடம் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. தூரம் சுமார் ஐந்து கி.மீ. ரயில் 1972-ல் நின்றது, பிறகு நடைபாதை ஆனது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் பாலங்களை அடித்துக்கொண்டு போக, வழி அறுந்தது. 2020 டிசம்பரில் மறுபடி திறந்தபோது பாலங்கள் திரும்ப வந்ததோடு நிற்கவில்லை. 1970-களில் நெடுஞ்சாலை போட்டபோது மண்ணில் புதைத்துவிட்ட பழைய ரயில் சுரங்கத்தையும் தோண்டித் திறந்திருந்தார்கள். பாதைக்குத் தார் போடுவதா, சரளையாகவே விடுவதா என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. இயற்கை அழகு கெடுகிறது என்றது ஒரு தரப்பு. சரளை என்றால் நாங்கள் வர முடியாதே என்றது இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது தரப்பு. மலையேறிப் பார்க்க அங்கே ஆயிரம் மண்பாதை இருக்கிறது, சக்கரத்தில் போக இருப்பது கைவிட்டு எண்ணக்கூடிய சில தடங்கள்தான்.

ரயில் தடத்தில் ஒரு பொறி உண்டு. தடம் சமமாகத்தான் இருக்கும், அதில் ஏறுவதுதான் கஷ்டம். கரை மேல் போகும் தடத்துக்குச் சாலையிலிருந்து ஒரு படிக்கட்டு மட்டும் வைத்திருப்பார்கள். பழைய இரும்புப் பாலத்தைக் கழற்றி விற்றுவிட்ட இடத்தில் தடம் அந்தரத்தில் முடியும். கீழே சாலைக்கு இறங்கி, கடந்து, மறுபடி ஏற வேண்டும். கால்வாய்க் கரையிலும் இதே கதைதான். கரை மட்டமாக இருக்கும், படகுகளை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் அடைப்புகள் வரும் இடத்தில் திடீரென்று ஒரு குறுகிய, செங்குத்தான ஏற்றம் வரும். ஆகவே சமமான தடத்தில் ஏறும் வாயில்கள், இறங்கும் வாயில்கள், விட்டுப்போன பாலங்கள், இவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீளவாக்கில் ஒன்றும் இல்லை, சாலை ஓரம்தான் வழி என்றால் ஊர் எல்லையைப் பாருங்கள். இந்த ஊர் நிர்வாகம் தன் எல்லை வரை நடைபாதை போட்டிருக்கும். அந்த ஊர் நிர்வாகம் தன் எல்லையிலிருந்து போட்டிருக்கும். நடுவில் இருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் பெரும்பாலும் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொள்ளும் மூன்றாவது அலுவலகத்தின் பொறுப்பு, அங்கே வண்டிக்கு மட்டும்தான் கணக்கு. எல்லைப் பலகை நிற்கும் இடத்தில் நடைபாதை முடிந்து, ஒரு முழ உயரத்தில் அப்படியே மண்ணில் இறங்கும். இங்கே வேகமாக வண்டி ஓடும் சாலையின் ஓரத்தில் இறங்கிப் போவதை நான் ‘வழி’ என்றே சொல்ல மாட்டேன். நாற்காலியில் இருப்பவரின் தலை தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். மேடு தாண்டி வரும் ஓட்டுநர் கண்ணில் அவர் படுவது கடைசி நொடியில்.

சரி, வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் படிக்கட்டு, நடைபாதை விளிம்பின் உயரம், பாதையின் பரப்பு, சரிவு, தடுப்புக் கம்பம் ஆகியவற்றைக் குறிக்கத் தனித்தனி அடையாளங்கள் உண்டு. அந்தத் தரவை வைத்து ஓப்பன்ரூட்சர்வீஸ் போன்ற சேவைகள் சக்கர நாற்காலிக்கென்றே வழி போட்டுத் தருகின்றன. வீல்மேப் என்ற வரைபடம் இடங்களைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பிரிக்கிறது. கிளம்பும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆனால் இவை எல்லாம் தன்னார்வலர்கள் நிரப்புவது. படிக்கட்டு குறிக்கப்படவில்லை என்றால் அங்கே படிக்கட்டு இல்லை என்று பொருள் அல்ல, யாரும் இன்னும் குறிக்கவில்லை என்றுதான் பொருள்.

சரிவைக் காட்டும் உயரக் கோட்டைப் பார்த்து மயங்கவே கூடாது. இலவச வரைபடங்கள் பலவும் 2000-ஆம் ஆண்டு எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவைப் பயன்படுத்துகின்றன. அதில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். எட்டு மீட்டர் நீளத்துக்கு 1:6 என்று ஒரு செங்குத்துச் சரிவு இருந்தால் அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். பள்ளத்தாக்கின் மேல் மட்டமாகப் போகும் பாலத்தை, பள்ளத்தில் இறங்கி ஏறுவதாகக் காட்டும். அடர்ந்த மரக்கூட்டத்தை மேடு என்று எடுத்துக்கொள்ளும். மொத்தமாக ஊர் மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும், அதற்கு மேல் உதவாது. செயற்கைக்கோள் படம் இதைவிடப் பயனுள்ளது. படிக்கட்டு மேலிருந்து பார்க்கும்போது நெருக்கமான கோடுகளாகத் தெரியும், வெயில் சாயும் நேரத்தில் எடுத்த படம் என்றால் நிழலோடு இன்னும் தெளிவாகத் தெரியும். தெருவில் நின்று பார்ப்பதுபோல் எடுத்த தெருப்படம் கிடைத்தால் அது எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்தது என்று மூலையில் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இப்போது நேரில். கையில் ஒரு டேப், 60 செ.மீ. நீளமுள்ள ஒரு ரசமட்டம், கைப்பேசி. ரசமட்டத்தின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, மறுமுனையைத் தூக்கிக் குமிழை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவே எத்தனை செ.மீ. என்று அளந்து பாருங்கள். ஐந்து செ.மீ. என்றால் 1:12. மூன்று செ.மீ. என்றால் 1:20. ஏழரை என்றால் 1:8. மனக்கணக்கு போதும். கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியும் சரிதான், ஆனால் அது காட்டுவது பாகையா, சதவீதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஐந்து’ என்று பார்த்துவிட்டு ஐந்து சதவீதம், அதாவது 1:20 என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்து பாகை என்றால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம், 1:12-ஐயும் தாண்டிவிட்டது.

எவ்வளவு சரிவு வரை சரி? ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, சரிவும் நீளமும் சேர்ந்துதான் கஷ்டத்தைத் தீர்மானிக்கின்றன. திறந்தவெளி நடைபாதைகளுக்காக அமெரிக்க அணுகல் வாரியம் 2013-ல் கொண்டுவந்த விதி இதை நன்றாகப் பிரிக்கிறது. 1:20 வரை கவலை இல்லை. 1:20-க்கும் 1:12-க்கும் நடுவே என்றால் 61 மீட்டருக்குள் ஓய்வெடுக்கச் சமதளம் வர வேண்டும். 1:12-க்கும் 1:10-க்கும் நடுவே 9 மீட்டர். 1:10-க்கும் 1:8-க்கும் நடுவே வெறும் 3 மீட்டர். அதைத் தாண்டிய சரிவு கூடவே கூடாது. மொத்தத் தூரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் 1:12-ஐ மீறக் கூடாது. ஊருக்கு ஊர் சட்டம் வேறாக இருக்கலாம், ஆனால் புஜம் எங்கும் ஒன்றுதானே. இந்த அளவுகளை நான் எங்கேயும் எடுத்துப் பயன்படுத்துவேன்.

நீளவாக்குச் சரிவை எல்லோரும் பார்ப்பார்கள். பக்கவாட்டு வாட்டத்தைப் பார்ப்பவர்கள் குறைவு, நாற்காலியில் வருபவரை அதிகம் களைப்படையச் செய்வதோ அதுதான். தண்ணீர் வடிவதற்காகப் பாதையைச் சாலைப் பக்கம் சாய்த்துப் போட்டிருப்பார்கள். நாற்காலி தானாகவே அந்தப் பக்கம் இழுக்கும். நேராகப் போக வேண்டுமென்றால் ஒரு கை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், மறுகை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் இப்படிப் போனால் ஒரு தோள் மட்டும் விட்டுப்போகும். பக்கவாட்டில் 1:50 வரை பரவாயில்லை, அதாவது ரசமட்டத்தில் 1.2 செ.மீ. வீடுகளுக்குள் வண்டி ஏற்றுவதற்காக நடைபாதையையே சாய்த்துவிட்ட இடங்களில் இது 1:10-ஐத் தொடும், அங்கே கவிழும் அபாயமே இருக்கிறது.

பாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் இடத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். விளிம்பைச் சாய்த்துத்தான் வைத்திருப்பார்கள், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சாய்வு முடியும் இடத்தில் ஓரவாய்க்கால், அதற்கு அப்பால் சாலையின் முதுகு மேல்நோக்கி எழும்பும். இரண்டு சரிவும் சேர்ந்து அங்கே ஒரு பள்ளமான மடிப்பு. இறங்கும் நாற்காலியின் முன்சக்கரம் மடிப்பில் அமர்ந்ததும் கால் வைக்கும் பலகை எதிர்ச்சரிவில் இடித்து நிற்கும். வண்டி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் நிற்க மாட்டார். அதனால்தான் அந்த எதிர்ச்சரிவு 1:20-க்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. இறங்கியாயிற்று, எதிர்ப்பக்கமும் சாய்வு இருக்கிறதா? ஒரு பக்கம் சாய்வு வைத்து மறுபக்கம் 15 செ.மீ. விளிம்பை அப்படியே விட்ட இடங்கள் ஏராளம். அங்கே வருபவர் நடுச்சாலையில் வண்டிகளோடு நிற்க வேண்டியதுதான்.

சாலை நடுவே ஒதுங்கி நிற்கும் தீவு இருந்தால் அதன் ஆழத்தையும் அளந்து பாருங்கள். நாற்காலியும் தள்ளுபவரும் சேர்ந்தால் ஒன்றேமுக்கால் மீட்டர் நீளம். தீவு ஒன்றரை மீட்டர் என்றால் தள்ளுபவரின் முதுகு சாலையில் இருக்கும். பாதசாரி விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்பதும் ஒரு அளவுதான். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்து நேரம் குறிப்பது பரவலான வழக்கம். 15 மீட்டர் அகலச் சாலைக்குப் பன்னிரண்டரை நொடி. முழங்கால் வலியோடு நொடிக்கு அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டி நடப்பவருக்கு அதே சாலை 25 நொடி.

அடுத்தது தடுப்புகள். மோட்டார் சைக்கிள் உள்ளே வரக் கூடாது என்று பாதையின் வாயிலில் கம்பம் நடுவார்கள், வளைந்து வளைந்து போகும் இரும்புச் சட்டம் வைப்பார்கள், ஒருவர் மட்டும் நுழைந்து திரும்பும் கதவு வைப்பார்கள். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலமும் மின்சாரத்தில் ஓடும் சக்கர நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். மோட்டார் சைக்கிளைத் தடுத்துவிட்டு எல்லாச் சக்கர நாற்காலியையும் விடும் இடைவெளி என்று ஒன்று கிடையாது. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நிற்கும், அவ்வளவுதான். என் கருத்தில் தடுப்பை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை வேறு விதமாகத்தான் கட்டுப்படுத்த வேண்டும். கம்பங்களுக்கு நடுவே 1.2 மீட்டர் இருந்தால் நல்லது, 90 செ.மீ.க்குக் கீழே போனால் ‘எல்லோருக்கும்’ என்று எழுதாதீர்கள். வளைவுச் சட்டத்தில் அகலத்தோடு திரும்பும் இடத்தையும் பாருங்கள், ஒரு முழு நாற்காலி சுற்றித் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். சில நாடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் பொதுச் சாவியால் திறக்கும் அகலக் கதவு உண்டு. வெளியூரிலிருந்து வருபவர் கையில் அந்தச் சாவி இருக்காது, அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

பரப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தார், சிமென்ட் நல்லது. கெட்டியாக இடித்து இறுக்கிய பாறைத்தூள் பரவாயில்லை. கொட்டிப் பரப்பிய ஜல்லியும் மணலும் ஆகாது. மரப்பலகைப் பாலத்தில் பலகைகள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் முன்சக்கரம் இடுக்கில் மாட்டும். வடிகால் கம்பி மூடிக்கும் இதேதான், இடுக்கு 13 மி.மீ.க்கு மேல் கூடாது.

படி இல்லை என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்மை இல்லை. முழங்கால் தேய்ந்தவருக்கு நீளமான சாய்தளத்தில் இறங்குவது, கைப்பிடி உள்ள ஐந்து படி இறங்குவதைவிட வலிக்கலாம். இரண்டும் பக்கத்தில் இருந்தால் இரண்டையும் சொல்லிவிடுங்கள், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். பார்வையற்றவர் சாலை தொடங்கும் இடத்தைக் காலால் உணர்வது விளிம்பை வைத்துத்தான். விளிம்பை மட்டமாக்கிவிட்டால் அவர் தெரியாமலே சாலைக்குள் போய்விடுவார். இதற்குத்தான் புடைப்புள்ள ஓடு. ஜப்பானில் செய்ச்சி மியாகே உருவாக்கி, ஒகயாமா நகரில் 1967-ல் முதன்முதலாகப் பதித்தார்கள். விளிம்பு மட்டமாக இருந்து புடைப்பு ஓடு இல்லாத இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உட்கார இடம், கழிப்பறை, பாதியில் விட்டுத் திரும்பும் இடம். ஏழு கிலோமீட்டருக்கு இவை மூன்றும் சரிவைப் போலவே முக்கியம். மக்கள் நடமாட்டம் உள்ள இடங்களில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கை என்று பிரிட்டிஷ் வழிகாட்டி சொல்கிறது. ஊர்களுக்கு நடுவே அப்படி எங்கும் இருக்காது. அதனால் இருக்கிற இருக்கைகள், பேருந்து நிழற்குடை, உட்காரத் தோதான தாழ்ந்த சுவர் ஆகியவற்றின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழி சாலையைத் தொடும் இடங்களில் வண்டி வரவழைத்து ஏற முடியுமா என்று பாருங்கள். மின் நாற்காலி என்றால் பேட்டரி இன்னொரு கணக்கு. தயாரிப்பாளர் சொல்லும் தூரம் புதுப் பேட்டரி, சமதளம், மிதமான வெயில் எல்லாம் சேர்ந்தது. அதில் பாதியை வைத்துத் திட்டமிடுவதே என் வழக்கம். 20 கி.மீ. என்று போட்டிருந்தால் ஏழு கி.மீ. போகலாம், திரும்பி வருவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

வழியை ஒரு முறையாவது எதிர்த்திசையிலும் போய்ப் பாருங்கள். போகும்போது சுகமாக இறங்கிய 1:10 சரிவு, வரும்போது களைத்த கைகளுக்கு எதிரே நிற்கும். வலது ஓரத்தில் மட்டும் இருந்த கைப்பிடி, திரும்பும்போது இடது கைக்கு வரும். பக்கவாதத்தில் இடது கை விழுந்தவருக்கு அந்தக் கைப்பிடி இருந்தும் இல்லாத மாதிரிதான். முடிந்தால் நாற்காலியில் வருபவரே சோதனைக்கு வரட்டும், ஆனால் முழுத் தூரமும் வேண்டாம். கடவுகளையும் வாயில்களையும் மட்டும் வண்டியில் போய் இறங்கி இறங்கிப் பார்த்தால் போதும். அங்கே தேறிவிட்டால் மற்ற நீளத்தை நீங்கள் நடந்து அளக்கலாம்.

கடைசியாக, வழி கிடைத்ததும் அதை அடுத்தவருக்கு எழுதி வைப்பது எப்படி? ‘சக்கர நாற்காலிக்கு ஏற்றது’ என்று ஒரே வரியில் எழுதினால் பயனில்லை. ஏரி மாவட்டத்தில் ‘மைல்ஸ் வித்அவுட் ஸ்டைல்ஸ்’ என்ற திட்டத்தில் வழிகளை எல்லோருக்கும், பலருக்கும், சிலருக்கும் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நேர்மையான பிரிவு. தானே உருட்டி வருபவர், தள்ள ஆள் உள்ளவர், வலுவான துணையும் துணிச்சலும் உள்ளவர் என்று மூவருக்கும் தங்கள் வழி எது என்று உடனே தெரிந்துவிடும். அதற்கும் கீழே, மோசமான இடங்களை மட்டும் அளவோடு எழுதுங்கள். இப்படி: ‘தொடக்கத்திலிருந்து 2.3 கி.மீ.யில் ரயில் கரைக்கு ஏற்றம், நீளம் 14 மீட்டர், சரிவு 1:10, நடுவே சமதளம் இல்லை, ஏறும்போது வலப்பக்கம் கைப்பிடி. 4.1 கி.மீ.யில் இரண்டு கம்பம், நடுவே 94 செ.மீ. மழைக்குப் பின் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், அப்போது தெற்கே 600 மீட்டர் சுற்றி லெவல் கிராசிங் வழியாக வரலாம்.’ இதைப் படிப்பவர் தன் நாற்காலியின் அகலத்தையும் தன் கையின் வலுவையும் வைத்துத் தானே முடிவு செய்துகொள்வார். அவருக்காக நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள்.

அந்தக் குறிப்பின் ஒரு பிரதியை மூன்று அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள்: இரண்டு ஊர் நிர்வாகங்கள், நடுவில் இருக்கும் சாலையைப் பார்க்கும் அலுவலகம். முழு வழியையும் சீரமைத்துத் தாருங்கள் என்று கேட்டால் கோப்பு எங்கேயாவது தூங்கும். ‘இந்த இடத்தில் ஒரு கம்பத்தை 30 செ.மீ. நகர்த்துங்கள், அந்த இடத்தில் எதிர்ப்பக்க விளிம்பைச் சாய்த்துத் தாருங்கள்’ என்று புகைப்படமும் அளவும் சேர்த்துக் கேட்டால், அது ஒரு நாள் வேலை என்று பொறியாளருக்கே தெரியும்.